ஆங்கிலம் கற்பிக்க வந்த அடிகள்



பட்டப்படிப்பு முடித்த ஒரு பெண், வெளிநாட்டில் எங்கோ ஒரு மூலையில் உள்ள பள்ளிக்கூடத்தில் ஓராண்டு சம்பளமில்லாமல் ஆங்கிலம் கற்பிக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாயார் முதலில் கேட்பது, அங்கே சாப்பாட்டுக்கு என்ன செய்வாய் என்று. தகப்பனார் கேட்பது, இதனால் உனக்கு என்ன லாபம் என்று. இக்காலத்தில் நம் மயிலாப்பூரிலும் இப்படிப்பட்ட பேச்சு அபூர்வமன்று. போய் வந்தவர்களைக் கேட்டால் அவர்கள் முகமே மலர்ந்துவிடுகிறது. அந்தப் பிள்ளைகள் காட்டிய அன்பையும், கூப்பிட்டு உட்கார வைத்துப் போட்ட உணவையும், பிரியும்போது அழுததையும் சொல்லி மாளாது அவர்களுக்கு. தகப்பனாரின் கேள்விக்கு மட்டும் அவர்களாலும் சரியாகப் பதில் சொல்ல முடிவதில்லை.

அந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு, இந்த வாரம் ஒரு குருவானவருடைய வாழ்க்கையைப் படித்துப் பாருங்கள். அவர் பெயரை அறியாத தமிழர் குறைவு. உலகத் தமிழ் மாநாடு என்ற சொல்லைக் கேட்டவர்கள் எல்லோரும் தனிநாயகம் அடிகள் என்ற பெயரையும் கேட்டிருப்பார்கள். ஆனால் அவர் முதலில் நம் நாட்டுக்கு வந்தது தமிழ் வளர்ப்பதற்கு அல்ல. ஒரு கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பதற்கு. இதை அநேகர் கவனிப்பதில்லை.

யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடலில் சில தீவுகள் உண்டு. அவற்றில் ஒன்றான ஊர்காவற்றுறைத் தீவில், கரம்பொன் என்ற ஊரில், 1913-ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதம் 2-ஆம் தேதி அவர் பிறந்தார். ஞானஸ்நானத்தில் இட்ட பெயர் சேவியர். ஊர்காவற்றுறை அர்ச். அந்தோனியார் பள்ளியிலும், பிறகு யாழ்ப்பாணத்து அர்ச். பத்திரிசியார் கல்லூரியிலும் படித்தார். அந்தக் காலத்தில் அத்தகைய கல்லூரிகளில் படிப்பு என்றால் ஆங்கிலப் படிப்புதான். வீட்டில் பேசுவது தமிழ். எழுதுவது, சிந்திப்பது, பரிசு வாங்குவது எல்லாம் ஆங்கிலம். பிள்ளை கெட்டிக்காரன்; ஆங்கில இலக்கியம் நன்றாக வந்தது. தமிழ் இலக்கியம் என்று ஒன்று இருப்பதையோ, அது எத்தனை ஆழமானது என்பதையோ அறியாமலே வளர்ந்தார். இது அவர் குற்றம் அல்ல. அந்நாளில் கொழும்பிலும் சென்னையிலும் படித்த பிள்ளைகள் பெரும்பாலோர் நிலை அதுவே.

குருத்துவ அழைத்தலை உணர்ந்து கொழும்பில் அர்ச். பெர்நார்து குருமடத்தில் சேர்ந்தார். அங்கிருந்து 1934-இல் உரோமாபுரிக்கு அனுப்பப்பட்டார். பற்பல தேசத்து மாணவர் ஒரே கூரையின் கீழ் வாழும் உர்பன் சர்வகலாசாலையில் வேதசாஸ்திரம் பயின்று, 1938-இல் குருப்பட்டம் பெற்றார். இலத்தீன், இத்தாலியம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம், போர்த்துக்கீசியம் என்று மொழிகள் அவருக்கு எளிதில் வசப்பட்டன. ஐரோப்பிய மொழிகளில் இத்தனையும் கற்ற ஒருவர் தம் தாய்மொழியில் ஒரு பழம்பாட்டுக்குப் பொருள் சொல்ல முடியாத நிலையில் இருந்தார் என்றால் நமக்குச் சிரிப்பு வரலாம். சிரிப்பதற்கு முன்னால் நம் வீட்டுப் பிள்ளைகளையும் ஒருமுறை பார்த்துக்கொள்வோம்.

உரோமையிலிருந்து திரும்பியவர் சொந்த ஊரில் தங்கவில்லை. கடலுக்கு இந்தப் பக்கம், தூத்துக்குடி மேற்றிராசனத்தில் ஊழியம் செய்ய வந்தார். திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை அப்போது அங்கே மேற்றிராணியார். 1940-ஐ ஒட்டிய அந்த வருஷங்களில் வாலிபக் குருவுக்குக் கிடைத்த வேலை, வடக்கன்குளத்தில் அர்ச். தெரேசம்மாள் பள்ளியில் ஆங்கிலம் கற்பிப்பது. உதவித் தலைமை ஆசிரியர் பொறுப்பும் அதனோடு.

வடக்கன்குளம் திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில் உள்ளது. மேற்கே மலை; மலை இடுக்கு வழியாக ஓயாமல் வீசும் காற்று; எங்கும் பனைமரம். இன்று அந்த வழியில் போகிறவர்கள் காற்றாலைகளைத்தான் அதிகம் பார்ப்பார்கள். நமக்கோ அந்த ஊர் வேறொரு காரணத்தால் தெரியும். 1745-இல் அர்ச். தேவசகாயம் பிள்ளை ஞானஸ்நானம் பெற்றது அங்கேதான். பழைய கிறிஸ்தவ ஊர் என்றாலும் அது ஒரு கிராமம். உரோமாபுரியின் நூல்நிலையங்களில் அமர்ந்து பழகிய ஒரு குருவானவருக்கு அங்கே என்ன இருந்திருக்கும் என்று கேட்கத் தோன்றும். ஆங்கிலம் அறியாத பிள்ளைகள் இருந்தார்கள். ஆங்கில ஆசிரியருக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்?

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள், வாசகரே. ஆங்கிலம் கற்பிக்க அந்நிய ஊருக்குப் போகிறவருக்கு ஓர் ஆபத்து உண்டு. அவர் கையில் இருப்பது எல்லோரும் ஆசைப்படும் பண்டம். ஆங்கிலம் வந்தால் உத்தியோகம் வரும், பட்டணம் போகலாம், நாலு பேர் மதிப்பார்கள். ஆகையால் அவரை ஊரே கொண்டாடும். அந்தக் கொண்டாட்டத்தில், தாம் கொடுக்க வந்தவர், மற்றவர்கள் வாங்கிக்கொள்ள இருப்பவர்கள் என்ற எண்ணம் அவர் அறியாமலே குடிபுகுந்துவிடும். பிள்ளைகளுக்கும் தங்கள் வீட்டுப் பேச்சைக் குறித்து ஒரு வெட்கம் உண்டாகும். நல்ல மனதோடு போனவர் கையாலேயே இந்தத் தீங்கு நடந்துவிடலாம். அன்றைய பள்ளிக்கூடங்களில் அதற்குத் தனியாக யாரும் முயற்சி செய்யவும் வேண்டியிருக்கவில்லை. ஆங்கில வாத்தியாருக்கு ஒரு சம்பளம், தமிழ்ப் பண்டிதருக்கு அதைவிடக் குறைந்த ஒரு சம்பளம். எந்த மொழி உயர்ந்தது என்பதைப் பிள்ளைகள் அதிலிருந்தே கற்றுக்கொண்டார்கள்.

யாழ்ப்பாணத்துக் குருவானவர் இந்த நிலைமையில் என்ன செய்தார்? சுற்றிலும் தமிழ் பேசும் ஜனங்கள். அவர்களுக்குப் பிரசங்கம் செய்ய வேண்டும். பிள்ளைகளோடு பழக வேண்டும். தம் தமிழ் போதாது என்பது அவருக்குப் புரிந்தது. சமாளித்துக்கொண்டு காலத்தை ஓட்டியிருக்கலாம். நாலு வாக்கியம் பேசத் தெரிந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ, பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயர் என்ற தமிழாசிரியரிடம் மாணவராகப் போய் அமர்ந்தார். உரோமையில் பட்டம் வாங்கியவர், பள்ளியின் உதவித் தலைமை ஆசிரியர், அங்கி அணிந்த கத்தோலிக்க குரு. எதிரே ஒரு பிராமணப் பண்டிதர். பகலில் ஆங்கிலம் கற்பித்தவர், பண்டிதரிடம் முறையாகத் தமிழ் இலக்கணமும் இலக்கியமும் பாடம் கேட்டார். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, வருஷக்கணக்காக.

அவர் வாழ்க்கையில் எத்தனையோ பெரிய சபைகள் உண்டு. கொலேஜ் த பிரான்சிலும் தமிழ் மாநாடு கூட்டிய மனிதர் அவர். எனக்கு மட்டும் அந்தப் பண்டிதர் முன் அவர் உட்கார்ந்திருந்த காட்சிதான் எல்லாவற்றிலும் பெரியதாகப் படுகிறது.

சங்க நூல்கள் அச்சில் வந்து அப்போது அதிக காலம் ஆகவில்லை. உ. வே. சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தது 1894-இல். குறுந்தொகைப் பதிப்பு 1937-இல்தான். ஆகவே நம் குருவானவர் வாசித்தது இரண்டாயிரம் வருஷப் பழமையுள்ள பாட்டுகள். ஆனால் படிப்பாளிகள் கையில் அவை புதுப் புத்தகங்கள். அவர் இலத்தீனும் ஆங்கிலமும் நன்றாக அறிந்தவர் என்பதால், தம் கையில் கிடைத்திருப்பது என்ன என்பதை ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. கடலும் கழியும் சூழ்ந்த தீவில் பிறந்தவர் நெய்தல் திணைப் பாட்டுகளை முதன்முதலாகப் படித்தபோது அவர் மனம் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அந்நிய ஊரில் இருந்துகொண்டு சொந்த ஊரைக் கண்டெடுத்த கதை இது. முன்னோர் பெயராகிய தனிநாயகம் என்பதைத் தம் பெயராக ஏற்றுக்கொண்டதும் அந்தக் காலத்தில்தான்.

படிப்பு வளர வளரப் பசியும் வளர்ந்தது. 1945-இல், முப்பத்திரண்டு வயதில், அண்ணாமலைச் சர்வகலாசாலையில் தமிழ் எம். ஏ. வகுப்பில் சேர்ந்தார். தம்மைவிடப் பத்து வயது இளையவர்களோடு அமர்ந்து படித்துத் தேறி, தொடர்ந்து ஆராய்ச்சிப் பட்டமும் பெற்றார். பழந்தமிழ்ப் பாட்டில் இயற்கை என்பது ஆராய்ச்சிப் பொருள். அதை அவர் எழுதியது ஆங்கிலத்தில். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்ற பாகுபாட்டைத் தமிழே தெரியாத ஒருவர் படித்தாலும் விளங்கும்படி எழுதினார். வடக்கன்குளத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தை விளங்க வைத்த அதே கை, இப்போது ஆங்கிலம் படித்தவர்களுக்குத் தமிழை விளங்க வைத்தது.

தமிழ் அபிமானம் வந்தவுடன் ஆங்கிலத்தை வெறுத்து ஒதுக்குவது சிலருக்கு வழக்கம். அடிகளார் அப்படிச் செய்யவில்லை. ஆங்கிலத்தை ஒரு தோணியாக வைத்துக்கொண்டார். 1949 முதல் இரண்டு வருஷ காலம் ஜப்பான், அமெரிக்கா, தென்னமெரிக்க நாடுகள் என்று சுற்றி, தமிழைப் பற்றிக் கேள்விப்பட்டே இராத சபைகளில் பேசினார். 1952-இல் தமிழ்க் கலாசாரம் பற்றி ஓர் ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கினார். தமிழ் கல்ச்சர் என்ற அந்த ஏடு 1966 வரை வெளிவந்தது. அதற்கு முன் தமிழைப் பற்றி வெளிநாட்டு அறிஞர்கள் அறிந்தது சொற்பம். பாரிஸிலும் பிராகாவிலும் லெய்டனிலும் தனித்தனியே தமிழ் படித்துக்கொண்டிருந்த சிலர், ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் கூடமாயிற்று அந்த ஏடு.

அவர் பயணங்களில் இரண்டு செய்திகளை மட்டும் இங்கே சொல்கிறேன். இரண்டும் நமக்குச் சுவையானவை.

ஒன்று, தாய்லாந்தில் அரச சபைப் புரோகிதர்கள் தங்கள் சடங்குகளில் ஓதும் பாடல்களில் திருவெம்பாவைப் பாட்டுகளும் இருப்பதை அவர் எடுத்து எழுதினார். ஓதுகிறவர்களுக்குப் பொருள் தெரியாது. பரம்பரையாகக் காத்து வந்திருக்கிறார்கள். மார்கழி விடியலில் கபாலீசுவரர் கோவில் பக்கத்திலிருந்து நம் காதில் விழும் அதே பாட்டு, கடலுக்கு அப்பால் பாங்காக்கில்!

மற்றொன்று லிஸ்பன் நகரத்தைச் சேர்ந்தது. 1554-ஆம் வருஷம் அங்கே ஒரு சிறு ஜெபப் புத்தகம் அச்சானது. தமிழ் ஜெபங்கள்; ஆனால் எழுத்து உரோமன் எழுத்து; கூடவே போர்த்துக்கீசிய மொழியில் பொருள். அதைத் தயாரித்தவர்கள் அப்போது அந்த நகரத்தில் இருந்த மூன்று தமிழர்கள். அந்தப் புத்தகத்தை 1950-களில் தமிழுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர் அடிகளார். அர்ச். சவேரியார் நம் சாந்தோமில் அப்போஸ்தலர் கல்லறை அருகே சில மாதம் தங்கியது 1545-இல். அவர் தமிழறியாமல் பட்ட கஷ்டம் உங்களுக்குத் தெரியும். பிறர் உதவியோடு ஜெபங்களைத் தமிழில் மாற்றி மனப்பாடம் செய்தே அவர் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். சில வருஷங்களுக்குள்ளே, லிஸ்பனில் மூன்று தமிழர் உட்கார்ந்து வெள்ளைக்காரர்களுக்குத் தமிழ் வரும்படி புத்தகம் செய்திருக்கிறார்கள். வெளிநாடு போய் மொழி கற்பித்த நம்மவர் வரிசையில் இவர்களையும் சேர்க்கலாம் அல்லவா?

1952 முதல் அடிகளார் இலங்கைச் சர்வகலாசாலையில் கல்வித் துறை விரிவுரையாளராக இருந்தார். இடையில் லண்டனில் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டமும் பெற்றார். அந்தச் சமயத்தில்தான், 1956-இல், சிங்களம் மாத்திரமே ஆட்சிமொழி என்ற சட்டம் இலங்கையில் வந்தது. தமிழ் பேசுவோரின் மொழி உரிமை குறித்து அடிகளார் வெளிப்படையாகப் பேசினார், எழுதினார். குருவானவருக்கு இது எதற்கு என்று கேட்பவர்கள் எக்காலத்திலும் உண்டு. ஒரு மொழியைப் பாதி வாழ்க்கை கடந்த பிறகு தேடி அடைந்தவர் அவர். அது பிள்ளைகள் கையிலிருந்து போவதைப் பார்த்துக்கொண்டு வாய்மூடி இருப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமா?

1961-இல் மறுபடி கடல் கடந்தார். இம்முறை கோலாலம்பூர், மலாயாச் சர்வகலாசாலையில் இந்திய இயல் துறைப் பேராசிரியர். அந்தத் துறையில் எந்த மொழிக்கு இடம் தருவது, சமஸ்கிருதத்துக்கா தமிழுக்கா என்று 1950-களில் பெரிய வாதம் நடந்தது. அப்போது தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி, தமிழ் எங்கள் உயிர் என்ற பெயரில் நிதி திரட்டினார். ரப்பர்த் தோட்டத்துத் தொழிலாளரும் தங்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள். அப்படிக் காப்பாற்றப்பட்ட தமிழ்ப் படிப்புக்குத் தலைவராகத்தான் அடிகளார் போய்ச் சேர்ந்தார். வடக்கன்குளத்துக்கு ஆங்கிலம் கொண்டு வந்தவர், மலாயாவுக்குத் தமிழ் கொண்டு போனார். எட்டு வருஷம் அங்கே கற்பித்தார். 1679-இல் அம்பலக்காட்டில் அச்சான அந்தாம் தெ புரோயன்சா சுவாமியின் தமிழ்-போர்த்துக்கீசிய அகராதியை, வத்திக்கான் நூல்நிலையத்தில் இருந்த பிரதியிலிருந்து படமெடுத்து 1966-இல் அங்கிருந்து வெளியிட்டார். சேசு சபைக் குரு ஒருவர் மொழி கற்கப் பட்ட பாடு, முந்நூறு வருஷம் கழித்து, மொழி கற்கப் பாடுபட்ட இன்னொரு குருவின் கையால் வெளிச்சம் கண்டது.

1964 ஜனவரியில் புது தில்லியில் கீழ்த்திசை அறிஞர் மாநாடு கூடியபோது, அங்கு வந்திருந்த தமிழறிஞர்களை ஒன்று சேர்த்து உலகத் தமிழ் ஆராய்ச்சி மன்றத்தை உருவாக்கினார். பிரெஞ்சு அறிஞர் ழான் பிலியோசா தலைவர். அடிகளாரும் செக் நாட்டுக் கமில் சுவெலபிலும் செயலாளர்கள். முதல் மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில். இரண்டாவது, 1968 ஜனவரியில், நம் சென்னையில். அண்ணாதுரை முதலமைச்சராக இருந்த சமயம். பட்டணமே விழாக்கோலம் பூண்டது.

அந்த மாநாட்டை ஒட்டி மெரினாவில் நிறுவிய பத்துச் சிலைகளை நீங்கள் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். சாந்தோமிலிருந்து கடற்கரை ஓரமாக வடக்கே நடந்தால் வரிசையாக வரும். அவற்றில் மூன்று, அந்நிய நாட்டவர் சிலைகள்: வீரமாமுனிவர், கால்டுவெல், ஜி. யு. போப். ஒருவர் இத்தாலியர், சேசு சபைக் குரு. மற்ற இருவரும் புரொட்டஸ்டாண்ட் சபையார். மூவருமே நமக்குக் கற்பிக்க வந்தவர்கள். கால்டுவெல் வாழ்ந்த இடையன்குடி வடக்கன்குளத்துக்கு அதிக தூரமில்லை. இவர்கள் கற்பித்தது எவ்வளவு என்று இன்று கடற்கரையில் காற்று வாங்க வருகிறவர்களைக் கேட்டால் தெரியாது. அவர்கள் கற்றுக்கொண்டது என்ன என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

மூன்றாம் மாநாடு 1970-இல் பாரிஸில் நடந்தது. நான்காவது 1974 ஜனவரியில், அடிகளார் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்தில். அதன் கடைசி நாளில், பத்தாம் தேதி இரவு, பொதுக்கூட்டத்துக்குத் திரண்டிருந்த ஜனங்களுக்குள் போலீசார் புகுந்தனர். குழப்பத்தில் மின்சாரக் கம்பி அறுந்து விழுந்து உயிர்கள் பறிபோயின. மொழியை மொழி ஆராய்ச்சியோடு நிறுத்திக்கொள்ள அந்நாட்டில் இனி முடியாது என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. பல நாடு சுற்றியவர் கடைசிக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்கே திரும்பியிருந்தார்.

அவர் எழுதிய பயண நூலுக்கு ஒன்றே உலகம் என்று பெயர். கிடைத்தால் வாங்கிப் படியுங்கள். வெளிநாடு போகும் பிள்ளை வீட்டில் இருந்தால் அவள் பெட்டியிலும் ஒன்று வையுங்கள். போகிற ஊரின் மொழியைக் கற்றுக்கொடுக்கும் புத்தகம் ஒன்று அதில் ஏற்கெனவே இருக்கிறதா என்று தகப்பனார் கேட்கலாம். லாபத்தைப் பற்றிய கேள்வியை அதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

தனிநாயகம் அடிகள் 1980-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 1-ஆம் தேதி யாழ்ப்பாணத்தில் காலமானார். வயது அறுபத்தேழு. நாலு மாதம் கழித்து, 1981 ஜனவரியில், ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு மதுரையில் கூடியது.